எழுதாமல் விட்ட நம்பர்

1

இந்த ஜூலையோடு நான் அயர்லாந்துக்குப் போய்ப் பதினோரு வருடம். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் ஏதாவது ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டுதான் இருப்பேன். திட்டமிட்டுச் செய்வதில்லை, அப்படி அமைந்துவிடுகிறது. ஒரு வருடம் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க. ஒரு வருடம் என் மீது புகார் ஏதும் இல்லை என்று ஊரிலிருந்து வர வேண்டிய சான்றிதழுக்கு. இன்னொரு வருடம், கல்யாணச் சான்றிதழில் இருக்கும் சுகந்தியும் பாஸ்போர்ட்டில் இருக்கும் சுகந்தியும் ஒரே ஆள்தான் என்று உறுதி சொல்ல. நான் நான்தான் என்று இதுவரை எத்தனை கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இந்த வருடம் அந்தத் தேதி மாதனூரில், என் அக்கா கிரேஸ் வீட்டு முன்னறையில் வந்தது. பள்ளி விடுமுறைக்கு மகள் ரூத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். அன்றைக்கும் படிவம்தான். ஆனால் இந்தத் தடவை என்னைப் பற்றியது இல்லை. நான் ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்துவிட்ட படிவங்கள், அவை ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றுமா கெடுக்குமா என்று அன்று மதியம் தெரிந்துவிடும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் அயர்லாந்தின் மேற்குப் பக்கம் நடுத்தரமான ஒரு ஆஸ்பத்திரியில் பொது மருத்துவப் பிரிவில் சீனியர் டாக்டர். எங்களிடம் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்கள் வார்டில் எப்படித் தேறி வருகிறார்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏழு பேர் கொண்ட குழு கூடிப் பார்க்கும். பரீட்சை கிடையாது. சம்பந்தப்பட்ட டாக்டர் அந்த அறையில் இருக்கவும் மாட்டார். அவரோடு வேலை செய்த சீனியர்கள் அவ்வப்போது நிரப்பிய படிவங்கள், நர்சுகள் எழுதியது, நோயாளிகள் சொன்னது எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். ஏழு பேரும் அதைப் படித்துவிட்டு வந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள். கடைசியில் மூன்றில் ஒரு முடிவு எடுப்பார்கள். அடுத்த நிலைக்குப் போகலாம், இதே நிலையில் இன்னும் ஆறு மாதம் இருக்கட்டும், அல்லது பயிற்சி இத்தோடு போதும். அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தி.

லீவில் இருந்தாலும் கூட்டத்துக்கு விலக்கு இல்லை. அங்கே காலை பத்து மணி, இங்கே மதியம் இரண்டரை.

2

என்னை எப்படி மதிப்பிட்டார்கள் என்று யோசித்தால் இப்போதும் சிரிப்புதான் வருகிறது. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தது வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில். நான் பார்த்த நோயாளிகள், போட்ட தையல், பார்த்த பிரசவம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி யூனிட் சீஃப்பிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் வார்டு வாசலில் நின்றபடி என் பேனாவைக் கேட்டு வாங்கினார். பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் கடகடவென்று எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். எந்த ஊரும்மா என்று கேட்டார், மாதனூர் என்றேன். அந்தப் பக்கம் ஷூ கம்பெனி பஸ் ஜாஸ்தியாச்சே என்றார். அவ்வளவுதான் என் மதிப்பீடு. பேனா திரும்பி வரவில்லை.

யாரும் யாரைப் பற்றியும் கெட்டதை எழுத மாட்டார்கள். திட்டுவார்கள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டுவார்கள். ஆனால் காகிதத்தில் எல்லாரும் "நன்று"தான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. வாயால் சொன்னது இரண்டு நாளில் மறந்துபோகும், எழுதினது சாகும்வரை கூடவே வரும்.

இந்தப் பயம் எனக்கு வந்தது ஆஸ்பத்திரியில் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் ஷூ கம்பெனிக்குப் போவார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்று பெண்கள் இறங்கும்போது, யாராவது ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள். என்ன என்று கேட்டால் பக்கத்தில் வருபவள் தணிந்த குரலில் சொல்வாள்: "நம்பர் எழுதிட்டாங்க." லைனில் தைத்த பீஸில் தப்பு இருந்தால், செக்கிங் டேபிளில் இருப்பவர் தைத்தவளின் டோக்கன் நம்பரை நோட்டில் எழுதிவிடுவார். அந்த நோட்டு மேலே போகும். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நம்பர் எழுதுவது என்றால் கெடுதல் செய்வது என்றே நினைத்து நான் வளர்ந்தேன்.

3

அயர்லாந்தில் முதல் வருடம் என் நம்பரையும் எழுதினார்கள். என்னை மேற்பார்த்த ஒரு டாக்டர் படிவத்தில் எழுதியிருந்தார்: "டாக்டர் சுகந்தி மிக வேகமாகப் பேசுகிறார். நோயாளிகள் புரியாமலே தலையாட்டுகிறார்கள். அவர் அதைக் கவனிப்பதில்லை."

கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து அழுதேன். ஊருக்கே போய்விடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மெதுவாக, நீ வேகமாகத்தானே பேசுவாய் என்றார். இரண்டு நாள் அவரோடும் பேசவில்லை.

அந்த மக்களின் பேச்சும் எனக்குப் பிடிபடவில்லை. "அவ்வளவு மோசமில்லை" என்பார்கள், அது பாராட்டாம். "சுவாரசியமாக இருக்கிறது" என்பார்கள், அது திட்டாம். வாய்க்குள் இருப்பதை வெளியே விடாத ஜனங்கள், காகிதத்தில் மட்டும் பட்டென்று எழுதுகிறார்கள். நம் ஊருக்கு நேர் தலைகீழ். அன்றைக்கே ஒரு சபதம் எடுத்தேன். நான் சீனியரானால் எந்தப் பிள்ளையையும் இப்படிக் கார் நிறுத்தும் இடத்தில் அழ வைக்க மாட்டேன்.

வைராக்கியமாக இருந்தேன். நான் நிரப்பும் படிவத்தில் எப்போதும் மேலிருந்து இரண்டாவது கட்டத்தில் டிக் இருக்கும். "முன்னேற வேண்டியது" என்று கீழே ஒரு இடம் இருக்கும். அங்கே "தொடர்ந்து படிக்கவும்" என்று எழுதுவேன். குறை ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த முறை இப்படிச் செய்யலாமே என்று பதமாகச் சொல்வேன். பிள்ளைகள் என்னைத் தேடி வந்து படிவம் கொடுத்தார்கள். அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

அமீரா சூடானிலிருந்து வந்தவள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். முப்பது வயதுகூட ஆகவில்லை. படிப்பில் கெட்டி. நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசுவாள். அவளிடம் ஒரே ஒரு குறை. நோயாளி மோசமாகும்போது சீனியரைக் கூப்பிட மாட்டாள். தானே சரி செய்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருப்பாள், நேரம் போய்க்கொண்டே இருக்கும்.

நான் மூன்று முறை பார்த்தேன். முதல் முறை நுரையீரல் காய்ச்சலோடு வந்த வயதான விவசாயி ஒருவர். ஆக்சிஜன் இறங்க இறங்க இவள் மாஸ்க்கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வேறு எதற்கோ அந்த வார்டுக்குப் போனதால் அவர் பிழைத்தார். மற்ற இரண்டும் கிட்டத்தட்ட அதே கதை. மூன்று முறையும் அவளை கான்டீனுக்குக் கூட்டிப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன். உனக்கு நல்ல கை இருக்கிறது, அடுத்த தடவை என்னையும் ஒரு வார்த்தை கூப்பிடேன் என்றேன். திரும்பி வந்து படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன்.

ஜூனில் ரத்த வாந்தியோடு ஒருவர் வந்தார். நர்ஸ் இரண்டு முறை, சீனியரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் ஐந்து நிமிஷம் என்று அமீரா சொல்லியிருக்கிறாள். கடைசியில் கூப்பிட்டபோது ஏகப்பட்ட நேரம் வீணாகியிருந்தது. அந்த மனிதர் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் கிடந்து பிழைத்துக்கொண்டார். அவருடைய மனைவி புகார் எழுதினார். எழுதாமல் எப்படி இருப்பார்?

இப்போது அமீராவின் கோப்பு குழு முன்னால் வருகிறது. பயிற்சி போனால் அவளுக்கு விசாவும் போகும். அவள் ஊரில் சண்டை, திரும்பிப் போக இடமில்லை. கோப்பைத் திறந்தால் ஐந்து மாதம் எல்லாம் நன்று, நன்று, நன்று. ஆறாவது மாதத்தில் ஒரு மனிதர் சாகக் கிடந்தார்.

5

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். கிரேஸ் அக்கா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் செக்கராக இருக்கிறாள். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவள், ஆனால் முப்பது வயது பெரியவள் மாதிரி அதட்டுவாள். ஆறரைக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு, நேராக ரூத்திடம் போனாள்.

ரூத்துக்குப் பதினான்கு வயது. அங்கே நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் பதிலே இல்லை. அறைக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும். இங்கே வந்து நாலாவது நாளே பெரியம்மாவோடு ஒட்டிக்கொண்டாள். அக்கா கொண்டுவந்த துண்டுத் துணிகளை வைத்து ஒரு தோள்பை தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கோணலா கீதுடா செல்லம். பிரிச்சிட்டுத் திரும்பத் தை."

ரூத் முகத்தைச் சுளிக்கவில்லை. உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். இதையே நான் சொல்லியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். நான் சொல்லவும் மாட்டேன், பிரமாதம் என்றுதான் சொல்வேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் லேப்டாப்பைத் திறந்து கோப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது, என்ன என்று அக்கா கேட்டாள். சொன்னேன். கம்பெனி ஆளுக்கு இதெல்லாம் விளங்க நேரமே ஆகவில்லை. எங்களுக்கு இது தினமும் காலையில் நடக்கிறது என்றாள். முந்தின நாள் நோட்டை வைத்துக்கொண்டு சூப்பர்வைசர், மெக்கானிக், செக்கர் எல்லாரும் நிற்பார்களாம். எந்த நம்பர் திரும்பத் திரும்ப வருகிறது, தப்பு ஆளிடமா, மிஷினிலா, நூலிலா என்று பேசுவார்களாம். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீ அந்தப் பொண்ணு நம்பர எழுதினியா?"

இல்லக்கா, வாயால் சொன்னேன் என்றேன்.

 நானும் பர்வீன் நம்பரை எழுதவில்லை என்றாள் அக்கா.

பர்வீன் அவள் லைனில் இருந்த டெய்லர். அப்பா இல்லாத பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஷூ தோலின் வளைவில் திரும்பும்போது தையல் ஓரத்துக்கு மிக ஒட்டிப் போய்விடும். இழுத்தால் பிய்ந்துவிடும். அக்கா ஒரு பீஸைப் பார்த்தாள், நம்பரை எழுத மனசு வரவில்லை. பீஸை டேபிளுக்குக் கீழே வைத்திருந்து, டீ நேரத்தில் அவளிடம் கொடுத்துப் பிரித்துத் தைக்கச் சொன்னாள். மறுநாளும் அப்படியே. நாலு மாதம் இது ஓடியது. எல்லா பீஸும் அக்கா கண்ணில் படுமா? நழுவிப் போனவை சேர்ந்து ஒரு நாள், வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்து பரிசோதித்தபோது ஒரு லாட் முழுவதும் திரும்பியது. நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். பர்வீன் நம்பருக்கு நேராக நாலு மாதமாக ஒன்றுமே இல்லை. நல்லா தைக்கிறவள், போன வாரம் லீவு தரவில்லை என்று சண்டை போட்டவள், வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். அக்கா அங்கேதான் நின்றிருக்கிறாள். வாயைத் திறந்தால் தன் வேலை போகும் என்று பேசவில்லை.

பர்வீன் வேறு கம்பெனியில் சேரும்போது கண் பரிசோதனை செய்திருக்கிறார்கள்.

"அவளுக்குக் கண்ணு கம்மியா இருந்துருக்குதுடி. எனக்கும் தெரில, அவளுக்கே தெரில. நம்பர எழுதியிருந்தா நாலு நாள்ல மிஷின மாத்திப் பாப்பாங்க. அப்பவும் சரியா வர்லன்னா நர்ஸம்மாகிட்ட அனுப்புவாங்க. ஒரு கண்ணாடியில முடிஞ்சிருக்கும். நான் புண்ணியம் பண்றேன்னு நெனச்சி அவ வேலையக் கெடுத்துட்டேன்."

இப்போது அவள் பேசுகிறாளா என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாப்புல பாத்தா நல்லாத்தான் பேசுவா. நான் நல்லவள்னு நெனச்சிக்கினு இருக்கா. அதான் ஜாஸ்தி பேஜாரா கீது."

இப்போதெல்லாம் அக்கா நம்பரை எழுதிவிடுகிறாள். எழுதின கையோடு எழுந்து அந்தப் பெண்ணிடம் போய், உன் நம்பரை எழுதியிருக்கிறேன், இதுதான் தப்பு என்று தானே சொல்லிவிட்டு வருகிறாள். சில பேர் முறைக்கிறார்களாம். முறைக்கட்டும் என்றாள். 

6

மறுநாள் இரண்டரை மணிக்கு வீட்டில் நானும் ரூத்தும்தான். கரண்ட் இல்லை. போனின் நெட்டை வைத்து லேப்டாப்பை ஓட்டினேன். திரையில் ஆறு முகங்கள், மழைக்கால வெளிச்சத்தில் ஸ்வெட்டரோடு. ஏழாவதாக நான், வியர்த்து வழிந்துகொண்டு.

தலைவர் டாக்டர் மேவ் வயதில் என்னைவிடச் சின்னவர், நிதானமானவர். அமீராவின் பெயர் வந்ததும் முதலில் பேசியது டாக்டர் ஷேமஸ். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர். அவர் கெட்டவர் இல்லை, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்றார். இந்தக் கோப்பில் இருப்பவர் தெரியாதவர் இல்லை, ஐந்து மாதமாக எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர். அப்படிப்பட்டவர் நர்ஸ் இரண்டு முறை சொல்லியும் கூப்பிடவில்லை என்றால் அது அறியாமை இல்லை, அலட்சியம். அலட்சியத்துக்குப் பயிற்சி கொடுக்க முடியாது, நிறுத்திவிடுவோம் என்றார். இன்னும் இரண்டு பேர் தலையசைத்தார்கள். அவர் அலட்சியம் என்று சொன்னதற்கு ஆதாரமாகக் காட்டியது என் டிக்குகளைத்தான்.

அடுத்தது என் முறை. சொல்வதற்கு ஒன்று தயாராக வைத்திருந்தேன்: அவள் நல்ல பெண், ஒரே ஒரு தவறு, இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம். கேட்க நன்றாக இருக்கும், யாருக்கும் மனவருத்தம் இருக்காது. உண்மையைச் சொன்னால் ஒரு தவறு நாலு தவறாகும். நாலு என்று தெரிந்தால் இவர்கள் அவளை விட்டுவைப்பார்களா? நானே என் வாயால் அவளை விமானத்தில் ஏற்றிவிட்டால்? 

மைக்கைத் திறந்தேன். அதே நேரம் பழைய இரும்பு வாங்கும் ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தது. "பழைய இரும்பு, பழைய பேப்பரு, பழைய பிளாஸ்டிக், ஓட்ட ஒடசல்" என்று ஒலிபெருக்கி அலறியது. ஆறு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஆட்டோவுக்கு அவசரமே இல்லை. எதிர் வீட்டில் ஒரு பக்கெட்டுக்குப் பேரம் வேறு நடந்தது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். ரூத்தின் தோள்பை கிடந்தது. இரண்டு முறை பிரித்துத் தைத்த ஓரம், பழைய ஊசித் துளைகள் இன்னும் தெரிந்தன. தையல் நேராக இருந்தது.

ஆட்டோ முனை திரும்பியதும் சொன்னேன். அந்தக் கோப்பில் நான் எழுதிய மூன்று படிவமும் உண்மை இல்லை. மூன்று முறையும் அவள் கூப்பிடத் தாமதித்ததை நான் பார்த்தேன். எழுதவில்லை. எழுதினால் அவளுக்குக் கெடுதல் என்று நினைத்தேன். இது ஆறாவது மாதத்தில் வந்த அலட்சியம் இல்லை, முதல் மாதத்திலிருந்தே இருக்கும் குறை. நம்மில் யாரும் அவளிடம் அதை நேராகச் சொல்லவில்லை.

 ஷேமஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: இது ஆபத்து என்று அந்த வார்த்தையிலேயே அவளிடம் சொன்னீர்களா?

"இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. குழுவில் இருந்த மூத்த நர்ஸ் மெதுவாக ஆரம்பித்தார். நானும் இரண்டு தடவை கவனித்தேன், டாக்டர் சுகந்தி அவளைக் கூப்பிட்டுப் பேசுகிறாரே, அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன் என்றார். இன்னொருவர் தன் வார்டில் நடந்த ஒன்றைச் சொன்னார். சிறிய விஷயம் என்று எழுதவில்லையாம். ஆளுக்கு ஒரு துண்டு கையில் இருந்திருக்கிறது, யாரும் டேபிளில் வைக்கவில்லை. ஏழு பேர் சேர்ந்து உட்காருவது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒருத்தர் பார்த்தது தற்செயலாகத் தெரியும், நாலு பேர் பார்த்தது சேர்ந்தால் காரணம் தேடச் சொல்லும்.

ஷேமஸ்தான் முடித்தார். அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை என்றால் அவளை நிறுத்த நமக்கு உரிமை இல்லை என்றார். இதே நிலையில் இன்னும் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம், தேவையோ இல்லையோ, மோசமான எந்த நோயாளிக்கும் அவள் சீனியரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் சீனியர் முணுமுணுக்காமல் வர வேண்டும். அந்த இரண்டாவது பாதியையும் எழுத்தில் போடச் சொன்னவர் ஷேமஸ்.

என் மூன்று படிவங்களும் திரும்பப் பெறப்பட்டன என்று என் பெயரோடு கோப்பில் பதிவானது. படிவம் நிரப்புவது எப்படி என்று ஒரு நாள் வகுப்புக்கு நான் போக வேண்டும் என்று மேவ் மரியாதையாகச் சொன்னார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய அக்கா வாசலிலேயே, இன்னாடி ஆச்சு என்றாள். அந்தப் பெண் வேலை தப்பியது, என் நம்பரை எழுதிவிட்டார்கள் என்றேன். அக்கா பையைக்கூடக் கீழே வைக்காமல் சிரித்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

7

முடிவை மேவ்வும் நானும் சேர்ந்து மறுநாள் வீடியோவில் அமீராவிடம் சொன்னோம். வேலை போகவில்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் என் பங்கைச் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"நீங்கள் டீ வாங்கிக் கொடுத்த மூன்று தடவையும், நான் நன்றாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்."

அவள் ஏன் கூப்பிடுவதில்லை என்று அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம், வேறொரு இடத்தில், ஒரு சீனியரைப் போனில் கூப்பிட்டிருக்கிறாள். இதற்காகவா என்னைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பினாய் என்று கேட்டு அவர் போனை வைத்துவிட்டார். அதிலிருந்து, நூறு சதவீதம் நிச்சயமான பிறகுதான் கூப்பிட வேண்டும் என்று வைத்துக்கொண்டாள். நிச்சயமாவதற்குள் நோயாளி மோசமாகிவிடுகிறார். அவ்வளவுதான் விஷயம். பர்வீனுக்குக் கண்ணாடி, இவளுக்கு ஒரு போன். ஆறு மாதமாக ஒரு வரி எழுதாமல் இருந்த என்னை நினைத்து எனக்கே ஆத்திரமாக வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் திரும்பிப் போனோம். விமானத்தில் ரூத் தன் நோட்டை என் மடியில் வைத்தாள். அவள் கதை எழுதுகிறாள் என்பதே எனக்குத் தெரியாது. ஊரைப் பற்றி, இங்கிலீஷில். நான் வழக்கம்போல் பிரமாதம் என்று சொல்லப்போய், நிறுத்தி, ஆரம்பம் இழுவையாக இருக்கிறது, நடுவில் பெரியம்மா வந்ததும் நன்றாக இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு பேனாவை எடுத்து முதல் பக்கத்தை அடித்தாள்.

அக்டோபரில் ஒரு மதியம், கான்டீனில் சோற்றில் கை வைக்கும் நேரம் போன் அடித்தது. அமீரா. ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது, எனக்கு நிச்சயமில்லை, வர முடியுமா என்றாள். டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். போனபோது செய்ய வேண்டியதில் பாதியை அவளே செய்திருந்தாள், மீதியைச் சேர்ந்து செய்தோம். அந்த அம்மா சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டார்.

அன்றே படிவத்தை நிரப்பினேன். சரியான நேரத்தில் கூப்பிட்டார் என்று எழுதினேன். நோயாளியின் மகனிடம் தெளிவாகப் பேசினார் என்று எழுதினேன். "முன்னேற வேண்டியது" என்ற இடத்தில், குறிப்புகளை இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எழுதினார், ஒரு மருந்தின் அளவை மறுபடி சரிபார்க்கவில்லை என்றும் எழுதினேன்.  பிறகு அக்கா மாதிரி எழுந்து போய் அவளிடமே காட்டினேன்.

அமீரா நின்றபடியே படித்தாள். கீழே வந்ததும் நிறுத்தி, திரும்ப ஒரு முறை படித்தாள்.

"குறிப்புத் தாமதமானதையும் போட்டிருக்கிறீர்கள்" என்றாள்.

ஆமாம் என்றேன்.

தாளை மடிக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "அப்படியென்றால் மேலே எழுதியிருப்பதை நான் நம்பலாம்" என்றாள்.